பாரம் போன இடம்

புவியீர்ப்பை நிறுத்துவது எனக்கு மிகச் சுலபமான வேலையாக இருந்த காலம் அது. ஒரு விஞ்ஞானி, ஒரு சிவப்புப் பொத்தான், அரைப் பத்தி வர்ணனை. அவ்வளவுதான், கப்பலும் யானையும் மேலே கிளம்பிவிடும். யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு, பத்திரிகை ஒன்றின் ஞாயிறு இணைப்புக்கு விஞ்ஞானக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தேன். வாசகர் கடிதம் என்று எனக்கு ஒன்றும் வந்ததில்லை. ஒரேயொரு வாசகி வந்தார். கடிதமாக அல்ல, ஆளாகவே வந்தார்.

இடைவேளை மணி அடித்த நேரம், ஆசிரியர் அறை வாசலில் நின்றார். மெலிந்த, உயரமான பெண். முக்காட்டுக்குள் இருந்து மீன் வாடை வந்தது. கையில் என் கதை வந்த தாள் நாலாக மடித்துக் கிடந்தது.

"இது எழுதின டீச்சர் நீங்களா?"

"ஓம்."

"பொத்தான அமத்தினதும் கப்பல்ட பாரம் இல்லாமப் போகுதெண்டு எழுதி இரிக்கீங்க. பத்தாயிரம் தொன். அந்தப் பாரம் எங்க போச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது கதைதானே," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "கதைதான். பாரம் எங்க போச்சு?"

அவரை ஊரில் எல்லோரும் தராசுத் தாத்தா என்றே கூப்பிட்டார்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரி. எங்கள் வீட்டில் தாத்தா என்றால் பல் விழுந்த கிழவர். இங்கே முஸ்லிம் ஆட்களிடம் தாத்தா என்றால் அக்கா. வந்த புதிதில் இந்தப் பெயரைக் கேட்டு, வெள்ளைத் தாடியோடு ஒருவரைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவருக்கு அப்போது முப்பத்தாறு முப்பத்தேழு வயதுதான், என்னைவிட ஒன்றிரண்டு கூட. அதனால் நானும் தாத்தா என்றே கூப்பிட்டேன். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை எழுதப் போவதில்லை.

எத்தாளைக் கரையில் ஒரு மீன்வாடியில் அவர் நிறுக்கிறவர். வாடி என்றால் படகில் வரும் மீனை வாங்கி, பெட்டியில் ஐஸ் போட்டு, லொறியில் ஏற்றி அனுப்புகிற கிடுகுக் கொட்டில். கூரையின் நடு வளையில் ஒரு பெரிய வட்ட முகத் தராசு தொங்கியது. பாடப்புத்தகத்தில் விற்றராசு என்று நான் படிப்பிப்பது அதைத்தான். உள்ளே ஒரு வில், வெளியே ஒரு முள், கீழே ஒரு கொளுக்கி. தாத்தா கூடையைக் கொளுவுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார். வெறும் கொளுக்கிக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, ஒன்றை வாங்கப் போகிறவர் போலப் பிடித்துக்கொண்டு நிற்பார். முள் ஆடி ஆடிப் பூச்சியத்தில் நிற்கும்வரை அந்தக் கைகள் அசையாது. துஆ ஓதுகிறார் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். உதடு அசையாததைக் கண்டபிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். காற்று இல்லாத நாட்களிலும் சில வேளை முள் நிற்காமல் நடுங்கும். அப்போது வாடி முழுக்க வேலையை நிறுத்திவிட்டு அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பாரம் விஷயத்தில் அவரிடம் யாரும் விளையாட முடியாது. ஐஸ் பெட்டி ஒழுகினால் கீழே வாளி வைப்பார். காலையில் நிறுத்த பெட்டியை மத்தியானம் திரும்ப நிறுப்பார். குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் வாளியில் இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அண்ணாந்து பார்த்து, "அது வெயில் குடிச்சது," என்று ஒப்புக்கொள்வார். கருவாட்டுக்கும் அதே நியாயம்தான். பாரம் குறையலாம், அதில் குற்றமில்லை. போன இடம் தெரிய வேண்டும்.

ஒருமுறை ஒரு பெட்டியில் முக்கால் கிலோ குறைந்தது. தாத்தா சத்தம் போடவில்லை. வேலை செய்கிற ஆண்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகக் கொளுக்கியைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். எல்லோருடைய நிறையும் அவருக்கு மனப்பாடம். நாலாவது ஆள் தொங்கியதும் முள்ளைப் பார்த்தார்.

"காலையில சாப்பிட்டது என்ன?"

"பாண், தாத்தா."

"பாணுக்கு செவுள் இரிக்கா?"

சாரத்து மடிப்பிலிருந்து மீன் விழுந்தது. வாடியே சிரித்தது, அகப்பட்டவனும் சிரித்தான். தாத்தா மட்டும் மீனை எடுத்து நிறுத்துப் பார்த்து, முக்கால் கிலோ சரியாக வந்தபிறகுதான் மூச்சு விட்டார். அந்த மூச்சைக் கவனித்தபோதுதான் இது வெறும் கறார் இல்லை, வேறு என்னவோ என்று எனக்குப் பட்டது.

அது என்ன என்று தெரிந்தது கிளினிக் நாள் ஒன்றில். மருத்துவமாதுவின் தராசு பழுதாகிவிட்டதால் அந்த மாதம் குழந்தைகளை வாடியில் நிறுக்க ஏற்பாடாகியிருந்தது. தாத்தா முதல் நாளே கொளுக்கியைச் சுடுதண்ணீரில் கழுவி, புதுச் சீலையில் ஏணை கட்டி வைத்திருந்தார். எல்லாம் செய்தார், குழந்தையை மட்டும் தொடவில்லை. "நீங்களே போடுங்க," என்று தாய்மாரிடம் சொல்லிவிட்டு முள்ளை வாசித்தார். குழந்தையைத் தூக்கியதும் முள் பூச்சியத்துக்கு விழும். அந்தக் கணத்தில் அவர் முகம் கடல் பக்கம் திரும்பிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று வந்திருந்த நான் இதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்த தாய்க்கு அவசரம். "கொஞ்சம் புடிங்க தாத்தா," என்று குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள். திரும்பி வந்து கையை நீட்டினாள். தாத்தா கொடுக்கவில்லை. மறுத்தார் என்று இல்லை. அவருடைய விரல்கள் திறக்கவில்லை. நானும் மருத்துவமாதுவும் ஒவ்வொரு விரலாகப் பிரித்தோம். குழந்தையை அவர் நெரிக்கவில்லை, தன்னுடைய முழங்கையைத்தான் இறுக்கியிருந்தார். நகம் பதிந்த இடத்தில் இரத்தம் கசிந்தது. குழந்தை அழாமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் தாய் அதற்குப் பிறகு அந்த வாடிப் பக்கம் வரவேயில்லை.

அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார்.

"டீச்சர், நான் ஒண்டு கேப்பன். நெசத்தச் சொல்லணும்."

"கேளுங்கோ தாத்தா."

"தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ல இருந்து எங்கள எழும்பிப் போகச் சொன்னாங்கதானே. நாங்க கடலாலதான் வந்த. எனக்குப் பதினஞ்சு வயசு. போட் நெறையச் சனம். நான் நடுவுல, அடித்தட்டுல குந்தி இருந்தன். சுத்திவர ஆக்கள். பக்கத்துல எங்கட உடுப்புப் பொட்டளி. கையில தங்கச்சி, உம்மாட சாரியால சுத்தி. எட்டு மாசப் புள்ள. ஏழு கிலோ. கிளினிக் கார்ட்டுல எழுதி இருந்த. மஃரிப் நேரம், இருட்டிட்டு வருது, மழை, அலை எழும்பிட்டு. போட் ஓட்டினவர், பாரத்தக் கொறைங்க, பாரத்தக் கொறைங்கெண்டு கத்தினார். எல்லாரும் கைக்கு எட்டினதத் தூக்கி எறிஞ்சாங்க. எனக்குப் பயம், கண்ண மூடிட்டன். போட் அலையில ஏறி எறங்கிச்சு. எறங்கக்குள்ள கையில பாரம் இல்ல. உம்மா, எங்கட பொட்டளிய எறிஞ்சிட்டன், எறிஞ்சிட்டனெண்டு வாப்பாக்குக் கத்தினது கேட்டிச்சு. கண்ணத் தொறந்தன். என்ர கை இப்பிடியே இரிக்கி. புள்ள இல்ல."

கையை மடித்துக் காட்டினார். வாடியில் வெறும் கொளுக்கிக்குக் கீழே பிடிக்கிற அதே கை.

"நான் விடல்ல டீச்சர். பாரம்தான் போச்சு. கை வழுகினா தெரியாதா? ஆரும் இழுத்தாத் தெரியாதா? ஒண்டும் இல்ல. இருந்த பாரம் இல்லாமப் போச்சு. உம்மா என்னை ஒரு வார்த்தை ஏசினதில்ல. ஆனா அண்டையில இருந்து என்ர மொகத்தப் பாத்துக் கதைச்சதும் இல்ல. இப்ப அவக்கும் ஏலாது, படுக்கையும் கதிரையும்தான். மௌத்தாக முன்ன அவக்கு நான் சொல்லணும், நான் விடல்லெண்டு. சும்மா சொன்னா நம்புவாவா? ஒங்கட கதையில கப்பல்ட பாரம் போகுது. அப்பிடி நெசமாப் போகுமா, போகாதா?"

வடக்கிலிருந்த முஸ்லிம்களையெல்லாம் போகச் சொன்ன இயக்கம் என் ஆட்களுடையது. அன்று நானும் யாழ்ப்பாணத்தில் ஒரு பதின்வயதுப் பிள்ளையாக, பக்கத்து முஸ்லிம் தெரு வெறுமையானதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவள். அது ஒருபுறம் குடைந்தது. இன்னொரு புறம், இருபத்தொரு வருடமாக ஒரு மனுஷி என்னுடைய சிவப்புப் பொத்தான் உண்மையாக இருக்க வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள் என்பது வெட்கமாக இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு என் வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. கதைகளில் எழுத்தாளர்கள் புவியீர்ப்பை ஏமாற்றுவதற்கு வைத்திருக்கும் வழிகளை நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். தாத்தா ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பார்.

ஈர்ப்பை மறைக்கிற ஒரு தகடு, வெயிலுக்குக் குடை பிடிப்பதுபோல, என்றேன். "அந்தத் தகட்டுக்குப் பாரம் இரிக்கா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். "அப்ப அதையே பூமி இழுக்குமே. தன்னையே மறைக்கத் தெரியாதது புள்ளைய எப்பிடி மறைக்கும்?" உண்மையில் அப்படி ஒரு பொருள் இல்லை. மின்சாரத்தில் கூட்டலும் கழித்தலும் உண்டு, ஒன்றை ஒன்றால் அடக்கலாம். திணிவில் கழித்தல் என்று ஒன்றை எவரும் கண்டதில்லை.

தலைக்கு மேலே இன்னொரு பெரிய பாரத்தை வைத்தால் அது மேலே இழுக்கும், இரண்டும் சரிக்குச் சரி என்றேன். எவ்வளவு பெரிய பாரம் என்றார். பூமி அளவு என்றேன். "அப்ப கடலும் சேர்ந்து மேல போகும். எங்கட போட்டுக்குக் கீழ கடல் இருந்திச்சு டீச்சர்." அதுவும் போயிற்று. பொத்தானை அமத்தி ஈர்ப்பையே நிறுத்தினால் காற்று முழுக்கக் கலைந்துவிடும், பூமி சுழல்கிற வேகத்தில் வீடு வாசல் எல்லாம் கிளம்பிவிடும் என்று நானே ஒப்புக்கொண்டேன். என் கதைகளின் கப்பல்களும் யானைகளும் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. எழுத்தாளருக்கு இதைவிட நேர்மையான விமர்சகர் வாய்க்கக் கூடாது.

ஒருநாள் மட்டும் அவருடைய கண் விரிந்தது. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் பூமியின் இழுப்பு மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் குறைவு, அதனால் கடல் மட்டமே அங்கே ஒரு பெரிய கிண்ணம் மாதிரிப் பதிந்து கிடக்கிறது, நம்முடைய தீவு அதன் விளிம்பில் இருக்கிறது என்று சொன்னேன். இது கதையில்லை, அளந்து கண்டது.

"அப்ப எங்கட கடல்ல பாரம் கொறைவா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

கணக்குப் போட்டேன். நூறு கிலோ மீனில் ஒரு தேக்கரண்டி உப்பின் பாரம்கூடத் தேறாது. "தங்கச்சி ஏழு கிலோ," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமை நான் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். நெசத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டவர் அவர்தானே. "தாத்தா, நடக்காது. பாரம் தானாகப் போகாது. கதையிலதான் போகும்." அவர் எழும்பி, கதிரையை மேசையோடு சேர்த்து வைத்துவிட்டு, "சரி டீச்சர்," என்று போனார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் வரவில்லை. வாடியில் வெறும் கொளுக்கிக்குக் கீழே கை பிடிப்பதையும் நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். முள் நிற்க முன்னமே கூடையைக் கொளுவுகிறாராம். அதைக் கேட்டு எனக்கு நல்ல நித்திரை வரவில்லை. சரியான விடையைத்தான் சொன்னேன் என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கிய ஒரு காலைப்பொழுது மீன் வாங்கப் போயிருந்தேன். முந்தல் பக்கமிருந்து வந்த வியாபாரி ஒருவர் லொறியை நிறுத்திவிட்டு அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். அலை பெரிது, படகுகளைக் கரைக்கு ஏற்ற நேரமெடுக்கும். "தராசக் கொண்டு போய் போட்டுலயே நிறுத்துத் தாங்களேன்," என்றார். தாத்தாவின் தம்பி அங்கே நின்றான். அவர்கள் இங்கே வந்து முகாமில் இருந்தபோது பிறந்தவன், சொந்தமாகப் படகு ஓட்டுகிறவன். அவன் சிரித்தான். அண்ணனை இங்கே நானா என்பார்கள்.

"கடல்ல தராசு நிக்காது நானா. அலைக்கு மேல ஒண்டு காட்டும், கீழ ஒண்டு காட்டும். கடல்ல நிறுத்தா ரெண்டு பேருக்கும் சண்டதான்."

இந்தக் கரையில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம். மீனைக் கரையில்தான் நிறுப்பார்கள். ஏன் என்று எவரும் கேட்பதில்லை. தாத்தா கேட்டதில்லை, ஏனென்றால் அவர் அந்தப் படகில் வந்திறங்கிய பிறகு கடலில் கால் வைத்ததே இல்லை. ஆனால் நான்? கீழே விழுகிற உயர்த்திக்குள், அதாவது லிஃப்டுக்குள், தராசில் நிற்கும் மனிதனின் நிறை என்ன என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதி, பூச்சியம் என்று விடையும் போடுகிறவள். கற்பிட்டியில் உயர்த்தி ஏது? பிள்ளைகளும் நானும் கண்ணால் காணாத ஒன்றைப் பாடமாக்கினோம். இங்கே ஒவ்வொரு நாளும் படகு அலைக்கு மேலிருந்து விழுந்துகொண்டிருந்தது. விழுகிற நேரத்தில் அதில் உள்ள எதற்கும் பாரம் இல்லை. ஒரு பொத்தானும் தேவையில்லை.

மீனை விட்டுவிட்டுத் தராசடிக்கு ஓடினேன். மூச்சு வாங்கியது.

"தாத்தா, பாரம் போகும். அரைச் செக்கன். அலையில இருந்து போட் விழேக்க போகும்."

கூடையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "கதையா?"

"கதை இல்லை. தராசைக் கழட்டுங்கோ."

அன்றைக்கே போனோம். தம்பி ஒன்றும் விளங்காமல் இயந்திரத்தைப் பிடித்தான். டீச்சர் ஏதோ பரிசோதனை செய்கிறார் என்று நினைத்தான் போலும். தாத்தா உப்பை நிறுத்து ஏழு கிலோப் பை ஒன்று கட்டியிருந்தார், அதை ஒரு பழைய சேலைத் துண்டால் சுற்றியிருந்தார். அவர் சுற்றிய விதத்தைப் பார்த்து நான் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். படகின் நடுவில், அடித்தட்டில் குந்தினார்.

கரை அலையைத் தாண்டியதும் பையைத் தராசில் கொளுவி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். படகு ஏறியது. முள் ஏழைத் தாண்டிப் பத்துக்குப் போனது. உச்சியில் ஒரு கணம் நின்றோம். பிறகு படகு கீழே போனது, என் வயிறு மேலேயே நின்றது. முள் விழுந்தது. ஏழு, நாலு, ஒன்று. பூச்சியத்தைத் தொட்டது. பை கொளுக்கியில் இருந்தபடியே ஒன்றும் இல்லாததாக இருந்தது.

"போச்சு," என்றார் தாத்தா. "டீச்சர், போச்சு."

அடுத்த அலை, அதற்கடுத்த அலை. ஒவ்வொரு முறையும் முள் விழுந்தது. அவர் சிரித்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "அப்ப நான் விடல்ல. அல்லாஹ்வே, நான் விடல்ல." எனக்கு அழுகை வந்தது, பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

அத்தோடு கரைக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் தாத்தா பாரத்தைப் பாதியில் விடுகிறவர் இல்லை. பையைக் கழற்றிக் கையில் ஏந்திக்கொண்டு கண்ணை மூடினார். படகு விழுந்தது. பிறகு அடியில் மோதியது. கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். பை கையில் இருந்தது. மூன்று முறை செய்தார்.

"திரும்பி வருதே டீச்சர்."

பாரம் போனாலும் பொருள் போகாது. கையும் பையும் படகும் சேர்ந்துதான் விழுகின்றன. இதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். சொல்லாமல் விட்ட பாதி.

அடுத்த முறை கையை நன்றாக விரித்தே வைத்திருந்தார். பை இரண்டு கைக்கும் நடுவே ஒரு கணம் தொடாமல் நின்றது. பிறகு அவர் மடியிலேயே விழுந்தது.

"போட் சரிஞ்சிருக்கலாம் தாத்தா," என்றேன்.

"நான் நடுவுல. சுத்திவர ஆக்கள். சரிஞ்சாலும் ஆக்கள்ட மேலதான் விழும்." பையைத் திரும்ப ஏந்திக் கண்ணை மூடினார். "எறங்கக்குள்ள நீங்க எடுங்க."

"வேண்டாம் தாத்தா."

"எடுங்க."

படகு விழுந்தது. நான் எடுத்தேன். ஏழு கிலோ வெறும் துணி போல என் கையோடு வந்தது. உள்ளே ஏதாவது இருக்கிறது என்றே கை சொல்லவில்லை. பிறகு அடியில் மோதியபோது பாரம் திரும்பி வந்து என் முழங்கையை இழுத்தது, விழப் பார்த்தேன். அதற்கு முன்னமே எறிந்திருந்தால் அந்தப் பாரம் எனக்குத் தெரிந்தே இருக்காது.

தாத்தா கண் மூடியபடியே கேட்டார். "எடுத்திட்டீங்களா?"

"ஓம்."

கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். மடித்தபடி, ஏந்தியபடி, அப்படியே இருந்தது. இயந்திரச் சத்தத்தில் தம்பிக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எனக்கே அவர் வாயைப் பார்த்துத்தான் விளங்கியது.

"எங்கட பொட்டளி போகல்ல டீச்சர். கற்பிட்டியில எறங்கக்குள்ள காலடியில கெடந்திச்சு. உம்மா இருட்டுல வேற ஆக்கள்ட பொட்டளிய எறிஞ்சிரிக்கா எண்டு நெனச்சன். இவ்வளவு நாளும் அப்பிடித்தான் நெனச்சன்."

வேறு ஆட்களுடைய பொட்டளி இல்லை. மழையில், மங்கலில், நனைந்த சேலைக்குள் இருந்ததை அந்தத் தாய் உடுப்பு என்று நினைத்து எடுத்திருக்கிறாள். படகு விழுந்துகொண்டிருந்த அந்த அரைச் செக்கனில் எடுத்ததால் மகளின் கைக்கும் தெரியவில்லை, தாயின் கைக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. நான் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் அதை எனக்கு முன்னமே நிறுத்துவிட்டார்.

கரைக்கு வரும்வரை அவர் உப்புப் பையை யாருக்கும் கொடுக்காமல் நெஞ்சோடு வைத்திருந்தார். இறங்கியதும், "வாங்க டீச்சர், உம்மாட்டப் போவம்," என்றார். அவர் இத்தனை வருடம் கேட்டுத் திரிந்த விடை கையில் இருந்தது. நான் விடவில்லை என்று இனி நிரூபித்தே சொல்லலாம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

உம்மா விறாந்தையில் கதிரையில் சாய்ந்திருந்தார். மிகச் சிறிய உருவம். மகள் வந்ததும் வழக்கம்போலப் பார்வையை வேலிப் பக்கம் திருப்பினார். தாத்தா அவருடைய காலடியில் நிலத்தில் குந்தினார். அவர் உடுத்திருந்த சேலை நனைந்து உப்பாக இருந்தது.

"உம்மா, ஒரு கதை. தங்கச்சிட கதை."

கிழவியின் விரல்கள் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தன.

"நான்தான் விட்டன் உம்மா. பயத்துல கை சோந்து போச்சு. இவ்வளவு நாளும் விடல்ல விடல்லெண்டு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தன். டீச்சர்ட்டையும் கேட்டுப் பாத்தன். பாரம் தானாப் போகாதாம்." என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க டீச்சர்."

நான் எத்தனையோ பொய்களை எழுதி அச்சில் பார்த்தவள். ஒரு கிழவியின் முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை. தாத்தாவின் கண் என்னைக் கெஞ்சியது.

"ஓம் உம்மா," என்றேன். "பாரம் தானாப் போகாது."

உம்மா மெதுவாகத் திரும்பினார். மகளுடைய முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்த குரல், வயதான ஒருவருடைய குரலாக இல்லை.

"அப்ப நான் எறியல்லையா, மகள்?"

"இல்ல உம்மா," என்றார் தாத்தா. "நீங்க எறிஞ்சது பொட்டளி. நான் கண்டன்."